மீன்சுருட்டியில் கிடைத்த பாய்மரம்

வணிகக் கப்பலாகப் பிறந்து போர்க்கப்பலாகச் செத்த ஒன்றின் பாய்மரத்தைத் தேடி, போன மாசியில் ஒரு சனிக்கிழமை மீன்சுருட்டிக்குப் போனேன். பதினெட்டாம் நூற்றாண்டில் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் அது. ஒரு கடற்படை அதை வாங்கிப் பீரங்கிகளைப் பொருத்தியது. கடைசியில் நம் கிழக்குக் கரையில் உடைத்து விற்றார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னுடன் படித்த இப்போதைய பேராசிரியர் ஒருவர் அதையும் தன் கட்டுரையில் சேர்த்துக்கொள்வார். அதன் மரம் உள்நாட்டு வீடுகளுக்கு வந்திருக்கும் என்று நான் எழுதியதை, கருத்தரங்கில் "நல்ல கற்பனை" என்று பாராட்டியவர் அவர். திங்கட்கிழமைக்குள் ஆதாரம் தராவிட்டால் என் புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாகப் பதிப்பாளரும் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் இந்த வலைப்பூவைப் படிக்கும் விவசாயி தங்கராசு போன் செய்தார். "நம்ம வூட்லயும் கப்பல்ல வந்த பாய்மரம் இருக்கு சார்."

பெரம்பலூரில் காலை 6.20க்குப் பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சுண்ணாம்புக்கல் லாரி முன்னால் போனால் ஒன்றேகால். ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். நான் வெள்ளையடித்த சுவர் மாதிரி இறங்கினேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி 9.40க்கு மீன்சுருட்டி. மொத்தம் 92 ரூபாய்.

தங்கராசு கூடத்தின் உத்திரத்தைக் காட்டினார். "இதான் சார்."

"எந்தக் கப்பல்ல வந்ததுங்க?"

"பர்மாக் கப்பல். கும்பகோணத்துல ஒரு பாய் மரக்கடை வச்சிருந்தாரு. எங்க தாத்தா அவருட்ட வாங்குனது. மத்ததெல்லாம் கரையான் தின்னுட்டுது, பாய் மரத்துல மட்டும் வாய வைக்கல."

நான் உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவி சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு நேரம் பாக்கல."

"அப்ப உங்க கப்பல் மரம் எங்க சார் போச்சு?" என்றார் தங்கராசு.

"தெரியலங்க" என்றேன். இந்த விஷயத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை.

சாப்பிடாமல் விடவில்லை. முருங்கைக்கீரைக் கூட்டு, கருவாட்டுக் குழம்பு, வறுத்த முந்திரி. இப்படித் தேடிப் போகிறவர்கள் போனை நம்பாதீர்கள், எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு சொல்லா ஒரு சொல்லா என்று பாருங்கள்.

திரும்பும் பஸ்ஸில் உத்திரத்தின் படத்தோடு பதிப்பாளருக்கு "கப்பலில் வந்த பாய்மரம்" என்று டைப் செய்தேன். ஒரு இடைவெளிதான் குறை, ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அரியலூர் வருவதற்குள் அழித்துவிட்டு, அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் படத்தோடு புத்தகம் வந்தால் பேராசிரியர் சரிபார்க்க மீன்சுருட்டிக்கே போவார். அந்த அம்மா அவரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். அதை என்னால் பொறுக்க முடியாது.