கோரலீ பதினாறு

இந்தப் பள்ளத்தாக்கில் சட்டப்படி கஞ்சா பயிரிடுகிறவர்கள் எல்லோரும் காலையில் என் காபி வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஹார்பெக் பண்ணையில் நடந்ததை ஒரே வாரத்தில் நாலு பேர் வாயால் கேட்டேன். நாலு பேரும் அவரவர் பங்கை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தால் உண்மை வந்துவிடும். அவ்வளவு கெட்டிக்காரப் பொய்யர்கள் இல்லை அவர்கள்.

ரொவீனா ஸ்டக்கிக்கு வயது ஐம்பத்தெட்டு. வேலை பார்த்துவந்த மரம் அறுக்கும் மில்லை மூடிய பிறகு பண்ணை முதலாளி ஹார்பெக்கிடம் வேலைக்குச் சேர்ந்தாள். மாநில அரசுக்குக் காட்டும் கணக்கைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. லைசென்ஸ் வாங்கிய பண்ணையில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு நீல டேக் கட்ட வேண்டும். அறுத்த உடனே பச்சை எடை, காய்ந்த பின் ஒரு எடை, தூக்கிப் போடுவதற்கும் ஒரு எடை, எல்லாம் அரசின் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். எதை யார் ஏற்றினார்கள் என்று அது பெயரோடு சொல்லிவிடும். அதனால்தான் ஆளாளுக்குப் பயிற்சி வகுப்பு, ஆளுக்கு ஒரு லாகின் என்று சட்டம். ஹார்பெக்குக்கு அது வீண் வேலை. "ஒருத்தி படிச்சாப் போதாதா? எல்லாரும் போய் உட்கார்ந்து படிச்சா செடிய உங்கப்பனா அறுப்பான்?" என்றான். ஆக, பண்ணை முழுக்க ரொவீனாவின் லாகினில்தான் ஓடியது.

பாஸ்வேர்டு: கோரலீ, பதினாறு. கோரலீ அவள் மகள். பதினாறு, மரம் ஏற்றி வந்த லாரியில் அடிபட்டுச் செத்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆகியிருந்த வயது.

பண்ணையில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கேலி செய்தார்கள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக லாகினை வெளியே தள்ளிவிடும். உடனே தராசடியிலிருந்து எடை போடுகிற டஸ்டின் கத்துவான்: "ரொவீனா, உங்க கோரலீ மறுபடி செத்துட்டா. வந்து எழுப்புங்க."

"நீயே எழுப்பு. முதல் எழுத்து பெரிசு, மறந்துடாத," என்பாள் அவள்.

கொட்டகையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் காபி வாங்க வந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"உனக்கு ரோஷமே கிடையாதா? அந்தப் பாஸ்வேர்ட மாத்தித் தொலையேன்."

"வீட்ல வெண்டல் அவ பேரச் சொல்ல விடமாட்டான்," என்றாள். வெண்டல் அவள் புருஷன். "போட்டோவக்கூட எடுத்து வச்சுட்டான். சர்ச்சுல யாராவது பேச்செடுத்தா அவன் மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கிறாங்க. இங்கதான் நாள் முழுக்க அவளக் கூப்பிடுறாங்க. எதுக்குக் கூப்பிட்டா எனக்கென்ன?"

மிச்சச் சில்லறையைக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் அறுவடையில் ஹார்பெக் தன் வேலையைக் காட்டினான். நாற்பது பவுண்டு நல்ல கஞ்சாப் பூவைக் கள்ளத்தனமாக வெளிமாநிலத்துக்கு விற்றுவிட்டு, பூஞ்சை பிடித்ததால் அழித்தோம் என்று கணக்கில் ஏற்றினான். யார் லாகினில் என்று சொல்ல வேண்டியதில்லை. அழிக்கிற சரக்கை மரத்தூளோடு கலந்து கேமராவுக்கு முன்னால்தான் கொட்ட வேண்டும். கேமராவிலோ வெறும் முற்றம்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்து அரசின் ஆய்வாளர் வந்து நின்றாள். பிரென்னர் என்று பெயர், சிரிக்கத் தெரியாத முகம்.

எல்லோரையும் கொட்டகையில் நிற்க வைத்தாள். "இது உங்க லாகின்," என்றாள் ரொவீனாவிடம். "நாப்பது பவுண்டு எங்க?"

"நான் ஏத்தல மேடம். என் பாஸ்வேர்டு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அது நிஜம்னா உங்களுக்கு அபராதத்தோட போயிடும். இல்லன்னா திருட்டு. உங்க பெர்மிட் போயிடும். அப்புறம் இந்த மாநிலத்துல எந்தப் பண்ணையும் உங்கள வேலைக்கு வைக்க முடியாது. என்ன பாஸ்வேர்டு?"

ரொவீனா சொன்னாள்.

"கோரலீ யாரு?"

"என் பொண்ணு. செத்துட்டா."

பிரென்னர் எழுதுவதை நிறுத்தினாள். "செத்துப்போன பொண்ணு பேர இத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"எந்த அம்மாவாவது அப்படிச் செய்வாளா?" என்று குறுக்கே வந்தான் ஹார்பெக். குரலில் என்ன ஒரு பரிவு, பாவி. "பாவம் மேடம், பயத்துல உளறுறாங்க. இவங்களுக்குப் பொண்ணு இருந்ததே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"இங்க நிக்கிறவங்களக் கேளுங்க," என்றாள் ரொவீனா. கெஞ்சவில்லை. அந்தக் கூட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

பிரென்னர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதுண்டா? இல்லை. நீ? இல்லை மேடம். ஹார்பெக் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அறுவடைச் சம்பளம் இன்னும் அவன் பையில்தான் இருந்தது. கடைசியில் டஸ்டின் மிஞ்சினான்.

ரொவீனா அவனெதிரே போய் நின்றாள். "பெர்மிட் போனாப் போகட்டும்டா. அவ பேர மட்டும் சொல்லு. தினமும் சொல்லுவியே."

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "அப்படி ஒருத்தி இருந்ததாவே நான் கேள்விப்பட்டதில்லைங்க," என்றான்.

"இவன்தான் மேடம் அவள அதிகமா கூப்பிட்டவன்," என்றாள் ரொவீனா.

பிரென்னர் பெர்மிட் அட்டைக்காகக் கையை நீட்டினாள்.