மூட முடியாத இணையதளம்

என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களும் பட்டச் சான்றிதழும் அம்பத்தூரில் ஒரு மாடி அலுவலகத்தில், என் முதலாளியின் பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் வேலை பார்த்தால் திருப்பித் தருவேன் என்றார். சின்ன அலுவலகங்களில் இதெல்லாம் சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் கொடுத்துத் தொலைத்தேன். இரண்டு வருஷம் முடிந்து ஏழு மாதம் ஆன பிறகும், கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "இன்னாமா அவசரம்? பீரோல பத்திரமாத்தான கீது? எங்க ஓடிடப் போவுது?"

அது ஓடாது. ஓட வேண்டியவள் நான்.

முதலாளி திருநின்றவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் சொந்த நிலத்தை மனை போட்டு விற்றார், பிறகு அடுத்தவர் நிலத்தையும் வாங்கி விற்றார். அவருடைய இணையதளத்தைச் செய்தவளும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டவளும் நான். அந்தத் தளத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் அவருடைய வேனைப் புரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் நிலைய வாசலில் வேன் நிற்கும். மனை பார்க்க வந்த குடும்பங்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகும். இறக்கிவிட்டதும் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், சாயங்காலம்தான் வருவார். சுற்றிலும் பொட்டல், ஒரே ஒரு சாமியானா. பிரியாணி போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால், கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அந்த ஜனங்களுக்கு வேறு வழி கிடையாது.

"வெப்சைட்டும் அதே மாதிரிதாம்மா இருக்கணும்," என்றார் முதலாளி. "உள்ள வந்துட்டான்னா வெளிய பூடக் கூடாது."

செய்தேன். சம்பளம் வாங்குகிறேனே, செய்யாமல் என்ன? தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது. அது முடிவதற்குள், மேல் ஓரத்தை மட்டும் விட்டுத் திரை முழுக்க ஒரு கட்டம் வந்து நிற்கும்: பெயர், கைபேசி எண், என்ன வேலை, எப்போது வாங்கப் போகிறீர்கள். இவ்வளவையும் நிரப்பினால்தான் மனையின் விலையைப் பார்க்கலாம். அந்தக் கட்டத்தின் மூலையில் மூடுவதற்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி வைத்திருந்தேன். பார்த்தார். "இன்னா இது, நீயே வெளிய போற வழி காட்டறியா?" என்று அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எடுக்கும்போதே வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதையாவது பேராசை என்று விட்டுவிடலாம். தொலைபேசி எண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். உலகத்தில் எல்லாரும் வைப்பதுபோல மேலே வலது மூலையில் வைத்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஈசான்ய மூலைம்மா அது! அங்க போயி பாரத்த ஏத்துவியா?" கம்ப்யூட்டர் திரைக்கும் வாஸ்து உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எண் கீழே இடது மூலைக்குப் போயிற்று. அங்கேதான் அந்தப் பெரிய கட்டம் வந்து அதன் மேல் உட்காரும். ஆக, வாங்க நினைப்பவர் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே எண் யார் கண்ணிலும் படாது. இத்தனைக்கும் மேலே ஒரு நீச்சல் குளத்தின் படம், அதில் குளிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம். நம் மனையில் குளம் என்று ஏதாவது உண்டென்றால் மழைக்குப் பிறகு தேங்குகிற தண்ணீர்தான்.

ஜனங்கள் என்ன ஏமாளிகளா? கண்ட எண்ணைத் தட்டிவிட்டு விலையைப் பார்த்தார்கள், அல்லது பார்க்காமலே போனார்கள். அப்படித் தட்டப்பட்ட எண்களையெல்லாம் நான்தான் கூப்பிட வேண்டும். பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக்கின் எண்ணை யாரோ அடிக்கடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாவது தடவை அவர், "தங்கச்சி, எனக்கு மனையும் வேணாம், மண்ணும் வேணாம், என்ன உட்டுடு!" என்று கெஞ்சினார். எனக்கும் அதையே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல கம்பெனி. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், அன்று அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், பார்த்துவிட்டு உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். முதலாளியிடம் போய் நின்றேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "இந்த சைட்ட பாத்துட்டு ஒரே ஞாயித்துக்கெழமையில பத்து குடும்பம் எடம் பாக்க வரட்டும். அன்னிக்கே பீரோவ தொறக்கறேன், எடுத்துக்கினு போ."

இரண்டரை வருஷத்தில் அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தது மொத்தமே மூன்று குடும்பம். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த மனுஷன் அவ்வளவு தாராளமாகச் சொன்னார்.

மறுநாள் காலை ஆவடியில் மின்சார ரயில் ஏறினேன். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் எங்கள் வீடு அங்கே குவார்ட்டர்ஸில்தான். பெண்கள் பெட்டியில் பக்கத்தில் ஒரு அக்கா கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். திருமுல்லைவாயில் தாண்டியதும் திடீரென்று நாதஸ்வரம். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அது என்னுடைய நாதஸ்வரம்.

"ஐயே! இன்னாடி இது, மனை வெல கேட்டா கண்ணாலம் பண்ணி வெக்குது!" அவர் திரையைக் குத்து குத்தென்று குத்தினார். எதிர் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் என் பக்கம் நீட்டி, "பாப்பா, படிச்ச பொண்ணாட்டம் கீற, இத எப்படிம்மா மூடறது?" என்றார்.

"மூட முடியாதுக்கா," என்றேன்.

"மூட முடியாத சைட்ட எந்த சனியம்மா செஞ்சுது?"

கைபேசியையே அணைத்துக் கொடுத்தேன். வாடகை வீட்டில் இருப்பதாகவும், இரண்டு பெண்கள் என்றும், சின்னதாக ஒரு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். "வெலய நேராச் சொன்னா இன்னா, கொறஞ்சா பூடுவாங்க? நம்மள ஏமாத்தத்தான மறைக்கிறான்." அம்பத்தூரில் இறங்கினேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அன்று முதலாளி பத்திரப் பதிவுக்குப் போயிருந்தார். நான் மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்கவில்லை. நாதஸ்வரத்தை எடுத்தேன். கட்டத்தை எடுத்தேன். வெள்ளைக்காரக் குடும்பத்தைக் குளத்தோடு அனுப்பிவைத்தேன். முதல் வரியிலேயே விலை, அதற்குக் கீழே ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் எவ்வளவு நேரமாகும், தண்ணீர் எத்தனை அடியில், பட்டா யார் பெயரில். மனையை என் கைபேசியில் எடுத்த படங்களையே போட்டேன், சேறும் சகதியுமாக இருந்த ஒரு தெருவையும் சேர்த்து. எண்ணை ஈசானிய மூலைக்கே கொண்டுபோய், தொட்டால் அழைப்பு போகும்படி வைத்தேன். வந்தது வரட்டும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் முதலாளி பார்த்துவிட்டுக் கத்தின கத்தலில் கீழே டீக்கடைக்காரர் மேலே வந்துவிட்டார். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் கைபேசி அடித்தது. ஒரு வீட்டு மனை விசாரிப்பு. பேசி வைத்ததும் இன்னொன்று. அன்று சாயங்காலத்துக்குள் அவர் குரல் தேன் ஒழுகிற்று. ஞாயிற்றுக்கிழமை வேன் போதவில்லை, ஆட்டோ வைக்க வேண்டியதாயிற்று. நான் போய் நின்று ஒவ்வொரு குடும்பமாக எண்ணினேன், பதினான்கு.

திங்கட்கிழமை காலையில் சாமிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அலுவலகம் போனேன். முதலாளி லட்டு டப்பாவை நீட்டினார்.

"சர்டிபிகேட் சார்," என்றேன்.

"இன்னாமா நீ! இவ்ளோ கெட்டிக்காரின்னு இப்பத்தான தெரியுது. உன்ன வெளிய உட்டா நான் பைத்தியக்காரன். சம்பளம் ஏத்தித் தரேன். இன்னும் ஒரு வருசம் இருந்துட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்." சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு டீ சொல்லப் போய்விட்டார். நான் லட்டைக் கையில் பிடித்தபடி அந்த பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக வேலை செய்யாவிட்டால் விடமாட்டார், நன்றாகச் செய்தாலும் விடமாட்டார். பிறகு நான் எப்படித்தான் வெளியே போவது?

வீட்டில் சொன்னேன். "சம்பளந்தான் ஏத்துறாகள்ல, பேசாம இருந்துருத்தா," என்றாள் அம்மா. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்காதான் ரகசியமாக ஒரு வழி சொன்னார்: தொலைந்துபோனதாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள், அதை வைத்து நகல் வாங்கலாம், அதுவரை புதுக் கம்பெனியிடம் அந்தச் சான்றைக் காட்டலாம்.

மனுவை எழுதிக்கொண்டு மதிய இடைவேளையில் காவல் நிலையம் போனேன். எழுதும் மேஜையில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "எங்கம்மா தொலைச்ச?" என்றார்.

ரயிலில், கூட்டத்தில், பிளாஸ்டிக் கவரோடு நழுவிவிட்டது. இதைத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். நான் எதைத் தொலைத்தேன்? படிக்கும்போது ஒரு பென்சிலைக்கூடத் தொலைத்ததில்லை.

"தொலைக்கல மேடம். என் முதலாளி பீரோல வெச்சுப் பூட்டிட்டாரு. கேட்டாத் தரமாட்டேங்கறாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்குத் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கினு வந்த?"

"பயமா இருந்துச்சு மேடம்."

மனுவைத் திருப்பி என்னிடமே தள்ளிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "உக்காரு. நடந்தத எழுது. மொதல்ல அந்தாளு பேர எழுது."

இரண்டு வருஷம் ஏழு மாதம் அவரை நான் சார் என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறேன். எழுதினேன், சார் போடாமல்.