கூரையில் நின்று கேட்ட வசனங்கள்

டிஷ் அன்ரெனா பூட்டுகிற தொழிலில் கண்ணுக்கு வேலை கொஞ்சம், காதுக்குத்தான் தண்டனை.

மன்னாரில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் தீவு முழுக்க டிஷ்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு விரற்கடை திரும்பினாலே படம் போய்விடும். உடனே எனக்கு அழைப்பு வரும். அதுவும் மத்தியானத்தில்தான் வரும், நாடகம் ஓடுகிற நேரம் அது. நான் கூரையில் ஏறி டிஷ்ஷை மெல்ல மெல்லத் திருப்புவேன். கீழே யாராவது றிமோட்டோடு நின்று "வருது, வருது... ஐயோ போயிட்டுது" என்று அறிவித்துக்கொண்டிருப்பார்கள். சிக்னல் பிடித்ததும் முதலில் வருவது சத்தம். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது" என்று ஒருத்தி சொல்வாள். "என்ன சொன்னே?" என்று மற்றவள் கேட்பாள். முதலாமவள் அதையே திரும்பச் சொல்வாள். பிறகு இடி முழங்கும். நாடக வீட்டிலுள்ள எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள் என்று கூரையில் நிற்கிற எனக்கு விளங்கிவிடும். எந்த ஊர், எந்த வீடு, எந்த நாடகம் என்றாலும் இதுதான்.

வீட்டில் நாடகம் ஓட, அடுத்த அறையில் படுத்துக்கொண்டு காதால் மட்டும் அதை அனுபவிக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே ஆசுப்பத்திரி வாட்டில் கிடக்கிற நோயாளிகள். ஆனால் ஏணியால் இறங்கி வந்தபிறகு அந்த வீடுகளில் என் காதில் விழுந்த சில கதைகளை என்னால் மறக்க முடியவில்லை. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதே படி

ஞானம்மா அக்கா சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவர். மண்டபம் முகாமில் பல வருசம் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு பேசாலைக்குத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் எருக்கலையும் உடைமுள்ளும். பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, கல்வீடு கட்டி, கடைசியாக ரீவி வாங்கினார். டிஷ் பூட்டப் போனது நான்.

படம் வந்ததும் அவர் கதிரையில் இருக்காமல், நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெரிய மாளிகையின் படியில் பட்டுச்சேலை கட்டின ஒருத்தி நின்று, "என்னை நம்புங்க அத்தை" என்று அழுதுகொண்டிருந்தாள். முகாமில் பக்கத்துக் குடிலில் பார்க்கத் தொடங்கிய நாடகமாம் அது. ஞானம்மா அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் ஒரு நாட்டை விட்டு வந்து, வீடும் கட்டி, கட்டின மனிசனையும் புதைச்சுப்போட்டு நிக்கிறன், தம்பி. இவள் இன்னும் அந்தப் படியை விட்டு இறங்கேல்லை."

வாய் திரும்பிய கதை

தலைமன்னாரில் அந்தோனி ஐயா என்று ஒருவர். றெயில்வேயில் இருந்து இளைப்பாறியவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் வாய் வரலாம் என்று ஆசுப்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனைவி றீற்றா அம்மா கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் சமைக்க வேண்டும், தண்ணீர் அள்ள வேண்டும், அவரைத் தூக்கித் துடைக்க வேண்டும். தனி மனிசி என்ன செய்வார்? கதிரையைக் கொண்டுபோய் ரீவிக்கு முன்னால் போட்டு அவரை இருத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

நாடகக்காரர் ஒரு வசனத்தை ஒருதரம் சொல்லி விடுகிறவர்களா? முதல் ஒருதரம், இடி முழங்கியபின் ஒருதரம், விளம்பரம் முடிந்து ஒருதரம், அடுத்த நாள் "நேற்று நடந்தது" என்று இன்னொருதரம். ஐயாவின் உதடு அதோடு சேர்ந்து அசைவதை நானே கண்டேன்.

பிறகொரு நாள் வயர் மாற்றப் போயிருந்தேன். றீற்றா அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றார். ஐயா அவரை நிமிர்ந்து பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, நாடகத்தின் இந்தியத் தமிழில் சொன்னார்: "இந்த... வீட்டை... விட்டு... வெளியே போ." நோய் வந்தபிறகு அவர் வாயால் வந்த முதல் முழு வசனம் அது. றீற்றா அம்மாவின் கண் நிரம்பிவிட்டது. கோப்பையைக் கீழே வைக்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போறன். முதல்ல இந்தக் கஞ்சியைக் குடியுங்கோ."

திரைக்குப் பின்னால்

எங்கள் தீவிலுள்ள தாராபுரத்தில் ஒரு வீட்டுக்கு ரீவியைக் கழற்றக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுத் தகப்பன் கருவாட்டு லொறியோடு போய், விபத்தில் மௌத்தாகி ஒரு மாதம். அவருடைய மனைவி இத்தாவில், புருசன் செத்தால் வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்கிற துக்க காலத்தில், இருந்தார். அந்தக் காலம் முடியும்வரை வீட்டில் ரீவி வேண்டாம் என்று மனைவியின் தமையன் தீர்மானித்திருந்தார். நான் விறாந்தையில் நின்று வயரைப் பிடுங்குவதற்கு முன், பெட்டி நல்லபடி வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் அதைப் போட்டார்.

நாடகத்திலும் ஒரு சாவீடு. முதல்நாள் புருசனைப் பறிகொடுத்தவள் தலைவாரி, மை பூசி, உறவுக்காரர் எல்லாரையும் வரிசையில் நிற்பாட்டி வைத்துச் சபதம் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் பேசினாள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. தமையனைக் காக்கா என்றழைக்கிற தங்கச்சியின் குரல். தமையன் குனிந்து காதுகொடுத்தார். எனக்கும் கேட்டது: "காக்கா, அதை நிப்பாட்டுங்கோ. அவள்ற மாப்பிள்ளை மௌத்தானது நேத்து, இண்டைக்கு இவ்வளவு கதைக்கிறாள். எனக்குப் பிள்ளையைக் கூப்பிடக்கூடத் தொண்டை வருகுதில்லை."

ஓர் அடியும் மூன்று பக்கமும்

மன்னார் ரவுணுக்குக் கிட்ட ஜெசி என்றொரு பிள்ளை இருந்தாள். புருசனுக்குக் கடற்கரை மீன் வாடியில் வேலை. முதல்தரம் போனபோது ரீவியின் கண்ணாடி உடைந்திருந்தது. காற்றுக்கு விழுந்தது என்றாள். யன்னல் இல்லாத அறை அது. ரீவியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவள் கதவைச் சாத்துவதற்காகக் கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேலே நாலு விரலின் அடையாளம் நீலமாகக் கிடந்தது. ரீவியை என் கடையில் இறக்கிவிட்டு நேரே மாதா கோயிலடிக்குப் போனேன். அங்கே குடும்பப் பிரச்சினைகளைப் பார்க்கிற சிஸ்ரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கண்டதைச் சொன்னேன்.

சிஸ்ரர் அன்றைக்கே போயிருக்கிறார். அந்தக் கிழமைக்குள் ஜெசி வங்காலையில் இருக்கிற தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். எப்படியோ விசயம் தெரிந்து புருசன் என் கடைக்கு வந்தான். "கூரையில ஏறச் சொன்னா ஏறு. என்ர வீட்டுக்குள்ள ஏணி வைக்க நீ ஆர்?" என்று கேட்டான். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் எழும்பி வந்ததால் அதோடு போனான். வந்தவர்களும் பிறகு எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். தொழிலைப் பார், ஊர் விசயம் உனக்கெதுக்கு என்றார்கள். சில வீடுகளில் இருந்து எனக்கு அழைப்பும் நின்றது.

சோளகக் காற்று ஓய்ந்த காலத்தில் வங்காலைக்கு ஒரு வேலையாகப் போனேன். வேலை ஜெசியின் தமையன் வீட்டில்தான். அவள் ஒரு மூலையில் இருந்து மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் படத்தைச் சரி செய்ததும், நாடகத்தில் மாமனார் மருமகளுக்கு ஒரு அறை விட்டார். வலது பக்கத்தால் காட்டினார்கள், இடது பக்கத்தால் காட்டினார்கள், பிறகு மெதுவாக ஓடவிட்டு மேலே இருந்தும் காட்டினார்கள். மாளிகையில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்தினார்கள். ஜெசியின் மச்சாள் "பாவம் பெட்டை" என்று உச்சுக் கொட்டினாள். ஜெசி கத்தியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாடகத்தில ஒரு அடியை மூண்டு பக்கத்தால காட்டுறாங்கள், அண்ணை. எனக்கு விழுந்ததை ஒரு பக்கத்தாலயும் ஒருத்தரும் பாக்கேல்லை."

திரும்பி வந்தவன்

செல்வி அக்காவின் புருசனைச் சண்டைக் காலத்தில் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. செல்வி அக்காவும் மாமியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மகள் வளர்ந்துவிட்டாள். மரணச் சான்றிதழ் எடுத்தால் காணியைப் பிள்ளையின் பேருக்கு மாற்றலாம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னதைக் கேட்டு, செல்வி அக்கா ஒருநாள் மாமியிடம் மெல்லக் கதையெடுத்தார். அன்றைக்கு மாமி வாயை மூடியவர். மருமகளோடு ஒரு சொல்லும் இல்லை. தனி அடுப்பு, தனிப் பானை. செல்வி அக்கா முன்னறைக்கு வந்தால் மாமி ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

படம் விட்டுவிட்டு வருகிறது என்று மகள்தான் என்னைக் கூப்பிட்டாள். டிஷ்ஷில் ஆணி கடல் உப்பில் கறள் பிடித்துக் கழன்றிருந்தது. மாற்றிவிட்டு இறங்கி, படம் நிலைக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்தேன். நாடகத்தில் செத்துப்போனதாகச் சொன்ன மகன் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கிறான். அவனுக்கு எதிரே பெண்சாதி. "இத்தனை வருஷமா எங்கே போயிருந்தீங்க?" என்றாள். இடி முழங்கியது. முகங்கள் வந்தன. "சொல்லுங்க, இத்தனை வருஷமா எங்கே போயிருந்தீங்க?" என்று திரும்பவும் கேட்டாள். அவன் வாசலிலேயே நின்றான். ஒருத்தரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. மாமி கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்து செல்வி அக்காவும் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கருவிப் பையைத் தூக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

மூன்றாம் தரமும் அவள் அதையே கேட்டபோது மாமி றிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்தார். திரும்பிப் பார்க்காமலே, "இவளுக்குக் கேக்கத் தெரியேல்லை, பிள்ளை" என்றார். அது என்னிடமோ பேத்தியிடமோ சொன்னதல்ல. அது தனக்கென்று செல்வி அக்காவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே அடுப்பு எரிகிறது என்று மகள் பின்னொரு நாள் சொன்னாள். சான்றிதழ் எடுக்கவில்லை. காணி இன்னும் தகப்பன் பேரில்தான் கிடக்கிறது, அதைப் பற்றி இருவரும் கதைப்பதில்லையாம். அன்றைக்கு செல்வி அக்கா நிலையை விட்டு வந்து மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "ஓம் மாமி. முதல்ல, சாப்பிட்டியளா எண்டெல்லோ கேக்கோணும்."

இத்தனை வீட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்த எனக்குத் தெரிந்தவரை, நாடகம் எழுதுகிறவர்களிடம் தீர்ந்துபோன வசனம் பார்க்கிறவர்களிடம் மிச்சமாகவே கிடக்கிறது, டிஷ்தான் வாங்குகிற பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிறது, இங்கிருந்து ஒன்றையும் திருப்பி அனுப்பாது.