ஈப்போ வீட்டு வாடகையும் உடையப்பச் செட்டியாரும்

உடையப்பச் செட்டியாருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று கூடப் பிறந்தவர்களே சொல்வார்கள். பதினாலு வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி, இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் கடையில் உட்கார்ந்து எழுதி, மனுஷர் மிச்சம் பிடித்தது ஈப்போவில் ஒரே ஒரு கடைவீடு. அதை ஒரு சீனத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தார். வயிற்றுப்புண்ணும் கூடவே வந்தது.

அந்த நாட்டுக் காசில் மாதம் இருநூறு வெள்ளி வாடகை. அங்கே ஏஜெண்டாக இருந்த சொக்கு அதை வாங்கியதும் பத்து வெள்ளியை அந்த ஊர் முருகன் கோவிலுக்கு மகமையாக எடுத்து வைத்துவிடுவார். மீதி நூற்றுத் தொண்ணூறுதான் செட்டியாருக்கு வரவு. சாமி பங்கைத் தள்ளி வைத்த பிறகே தன் பங்கை எண்ணுவது செட்டியார்கள் வழக்கம். செட்டியாருக்கு அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

இந்தியாவில் குடியிருப்பவருக்கு எந்த நாட்டில் வாடகை வந்தாலும் இங்கே காட்டியாக வேண்டும். அங்கே கட்டிய வரிக்குத் தாள் கொடுத்தால் இங்கே கழிவு கிடைக்கும். அறுபத்தெட்டில் அந்தக் கழிவைக் கேட்டுச் செட்டியார் மலேசியத் தாளையும் சேர்த்து நீட்டினார். மாட்டிக்கொண்டார்.

வரி அதிகாரி பூமிநாதன் நல்ல மாதிரி. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"செட்டியாரே, அங்குட்டுக் காட்டுனது ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி. இங்குட்டு நூத்தி இருபது கொறையுதே?"

"அது முருகனோடது."

"முருகனா வீட்டை வாடகைக்கு விட்டாரு?"

"கேலி பண்ணாதீக. அதை நான் தொட்டதே இல்ல. கோவில் ரசீது இருக்கு."

"ரசீது இருக்கட்டும். வாடகை உங்களுக்கு வந்தது. வந்த பெறகு யாருக்குக் குடுத்தாலும் அது உங்க இஷ்டம். முழுசும் என் வருமானம்னு கையெழுத்துப் போடுங்க, வரியோட போயிரும். இல்லைன்னா மறைச்சதாத்தான் நான் எழுதணும். அபராதம் வரும்."

மறைத்தவர் என்று பேர் வாங்குவதா? சாமி காசை என் காசு என்று எழுதிக்கொடுப்பதா? பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு வெயிலில் நடந்தே வீடு வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

அவர் பெண்டாட்டி கல்யாணசுந்தரி ஆச்சி மோரை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள்.

"அந்த வீட்டுப் பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"கூரை ஒழுகுனா யாரு மாத்துறது?"

"நாந்தான். ஏன் கேக்குற?"

"அந்தச் சீனன் வாடகை குடுக்காம இழுத்தடிச்சா, முருகன் வேலத் தூக்கிக்கிட்டுப் போயிக் கேப்பாரா?"

"வாயக் கழுவு, கல்யாணி."

"கழுவிட்டுத்தான் பேசுறேன். அந்தப் பத்து வெள்ளி உங்களது இல்லைன்னா, இத்தனை வருசமா முருகனுக்குக் குடுக்குறேன் குடுக்குறேன்னு பீத்திக்கிட்டு அலைஞ்சது எதை? அவரு காசை அவருகிட்டயே குடுத்துட்டுப் பேரு மட்டும் உங்களுக்கா? உங்களதுன்னு ஒத்துக்கிட்டாத்தான் குடுத்ததாகும். திங்கிறீகளா, இல்ல, மாட்டுக்குக் கொட்டவா?"

செட்டியார் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அப்புறம் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் மோர் கேட்டார்.

மறுநாள் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். "முழுசும் என் வருமானந்தான், மகமை நான் குடுத்தது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பூமிநாதன் அபராதம் போடாமல் விடுபட்ட வரியை மட்டும் எழுதினார்.

திரும்பி வரும்போது செக்காலை ரோட்டில் செட்டியார் நின்றார்.

"கல்யாணி, சொக்குக்கு லெட்டர் எழுதணும். அடுத்த மாசத்துல இருந்து மகமை பதினஞ்சு."

"வரியையும் கட்டிட்டு வாரி வேற விடுறீகளா? நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்!"

"என் காசு. நான் குடுக்குறேன்."

தலையில் அடித்துக்கொண்டே ஆச்சி தபாலாபீசுப் பக்கம் திரும்பினாள். வெளிநாட்டுக் கவர் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.