அமாவாசைக் கை

கல்யாணத்தில் போட்ட வளையலைப் போன வருஷம் பத்தர் கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். எனக்கு விரல் மூட்டெல்லாம் தடித்துவிட்டது. சோப்பு போட்டும் வரவில்லை, எண்ணெய் போட்டும் வரவில்லை, அடியில் தோல் புண்ணாகிவிட்டது. நறுக்கியபோது எனக்கு வலிக்கவில்லை. கூட வந்த வீட்டுக்காரர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தான் உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி கைத் தங்கத்தை வெட்டுவதாவது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"இனிமே எடுக்கறத வெட்டற வேலையே வரக்கூடாது," என்றார்.

எனக்கும் அதே எண்ணம்தான். வளையல் அழகாக இருக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. போட்டால் உறுத்தாமல் இருக்க வேண்டும், கழற்றினால் வர வேண்டும். இந்தச் சின்ன ஆசைக்கு இவ்வளவு அலைச்சல் இருக்கும் என்று யார் கண்டது?

எங்கள் வீட்டில் இரண்டு தறி. அவர் ஒன்றில், நான் ஒன்றில். தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டுப் பாவின் மேலேயே கை புழங்குகிற வேலை. வளையல் தொளதொளவென்று இருந்தால் விரல் பக்கம் இறங்கி வந்து இழையில் மாட்டும். இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு அதை முடிந்துகொண்டு உட்கார வேண்டும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் வளையலைக் கொஞ்சம் பிடித்தமாகவே எடுப்போம். நானும் அப்படித்தான் எடுத்தேன், அது வெட்டுப்பட்டது.

அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டோம். நகை எடுப்பது, பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்குவது எல்லாம் அன்றைக்குத்தான். களம்பூரில் கட்டிக்கொடுத்த மகளும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மூன்று பேருமாக நகைக்கடைக்குப் போனோம்.

கடைப் பெண் என் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் வளையலை ஏற்றினாள். ரெண்டு நாலு அளவு மூட்டிலேயே நின்றுவிட்டது. ரெண்டு ஆறு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கழற்றிப் பார்த்தோம், வந்தது. மகள் அதை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது.

"இதையே எடும்மா. பின்னாடி எனக்கும் ஆவும்."

"நானே இன்னும் போட்டுக்கல, அதுக்குள்ள பின்னாடியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. எனக்கு வாங்குகிற எதிலும் இன்னொருத்தர் அளவும் சேர்ந்தே வருகிறது.

மறுநாள் வளையலோடு தறியில் உட்கார்ந்தேன். காலையில் ஒன்றும் தெரியவில்லை. வலது கையால் கயிற்றை இழுக்கிறேன், நூலோடு நாடா குறுக்கே ஓடுகிறது, இடது கையால் பலகையை அடிக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் வளையல் கட்டைவிரல் மேட்டில் உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தது. மேலே தள்ளினால் அடுத்த இழுப்பில் இறங்கி வந்து அதே இடத்தில் கடித்தது. சாயங்காலம் கழற்றப் போனேன். வரவில்லை.

அவர் தன் தறியிலிருந்தே கேட்டார், "இன்னா பண்ணிகினு இருக்க?"

"வளையல் வரல. கடிக்குது."

"நேத்து சரியாத்தான இருந்துச்சு?"

"நேத்து தறி இல்லியே."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தினமும் சாயங்காலம் கை கனக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். அதை வீக்கம் என்று நான் நினைத்ததே இல்லை. சாயங்காலம் என்றால் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வெட்டுகிற கத்தரிதான் என் கண் முன்னால் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். தறியில் பாவைத் துணி போட்டுக்கூட மூடாமல் எழுந்தார். "ஜல்தியா கெளம்பு," என்றார். புடவைகூட மாற்றவில்லை, அப்படியே போனோம்.

கடைப் பெண் பையை மாட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, என்னென்னவோ செய்து ஒரு வழியாக உருவி எடுத்தாள். தோல் கொஞ்சம் உரிந்தது. பெரிய அளவு காட்டு என்றேன். அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை வீங்கிக்கினு இருக்குக்கா. இப்ப அளவு பாத்தா தப்பா வரும். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு ஒரு லீவு நாள்ல வாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை, வருவதற்குத் தெம்பும் இல்லை.

"இதுதாம்மா என் கை. நேத்து எடுத்துகினு வந்தனே, அதுதான் தப்பான கை," என்றேன்.

அவள் ரெண்டு எட்டை எடுத்து வந்தாள். அது மூட்டைத் தாண்டிப் போய் மணிக்கட்டில் நின்றது, எங்கேயும் கடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவர் தன் வலது கையைக் கண்ணாடி மேஜை மேல் என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அதுவும் அப்படியேதான் உப்பியிருந்தது. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சோர்ந்துதான் போகிறது.

மகளுக்குப் போனில் சொன்னேன்.

"ரெண்டு எட்டா? அது என் கைல நிக்காதேம்மா."

"நிக்க வேணாம்," என்றேன்.

புது வளையல் காலையில் கொஞ்சம் ஆடுகிறது. முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுத் தறியில் உட்காருகிறேன். மத்தியானத்துக்கு மேல் அதுவாகவே இறங்கி வந்து ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சாயங்காலம் எனக்கென்றே செய்தது போல இருக்கும்.

அமாவாசையில்தான் தகராறு. அன்று பாத்திரம் கழுவும்போது கையைத் தொங்கவிட்டால் போதும், நழுவித் தொட்டியில் விழுந்துவிடுகிறது. கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட இருக்கியே," என்பாள். என்னத்தைச் சொல்வது? தறி இல்லாத கைக்கு அந்த வளையல் நிற்பதில்லை.