சுவரோடு ஒட்டிய செய்தி

பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்த நேரம் அது. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் இருந்தது. அவருடைய தகப்பனாரும் இங்கேதான் பிறந்தார் என்று காட்டச் சொன்னார்கள். மாமா காலமாகிவிட்டார். அவர் பிறந்த காலத்தில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை யார் பதிந்து வைத்தார்கள்? காட்டாவிட்டால் எந்த நாடும் எங்களைத் தன் ஆள் என்று சொல்லாது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. முருகா, ஒரு வழி விடப்பா என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்பேன்.

மண்சரிவில் புதைந்த பிள்ளைகளை மாமா ஒருமுறை தோண்டி எடுத்தாராம். அது தமிழ்ப் பேப்பரில் வந்தது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று அதில் எழுதியிருந்ததைக் கங்காணி வாசிக்க, இவர் சிறுவயதில் கேட்டிருக்கிறார். அந்தப் பேப்பர் கிடைத்தால் போதும்.

லீவு நாளெல்லாம் தேடினார். அட்டன் கடைகளில் சாமான் சுற்ற வைத்திருந்த கட்டுகளைப் புரட்டினார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். தன் பெட்டியையே திறந்து காட்டினார். எல்லாம் பிந்திய காலத்துத் தாள்கள்.

ஒரு மாலை இவர் சுவரில் சாய்ந்து சோர்ந்து உட்கார்ந்தபோது அத்தை கேட்டார்.

"என்னடா தேடுற? அப்பா பேப்பர்தானே? உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு."

"இத்தனை நாளா சொல்லலியே ஆத்தா!"

"நீ எங்க என்னைக் கேட்ட? ஊரெல்லாம் கேட்ட."

குளிருக்கும் கரிக்கும் தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் பேப்பர் ஒட்டுவோம். பழையதைக் கிழிப்பதில்லை, அதன்மேலேயே கோதுமைமாப் பசை. வெந்நீரில் துணியை நனைத்து ஒவ்வொரு தாளாக உரித்தோம். அடியில் முருகன் படம் வந்தது. செய்தியைக் காணோம்.

"செய்தி எங்கங்க அத்தை?"

"அதுக்குப் பின்னால."

"எழுத்தையா செவுத்துப் பக்கம் வச்சு ஒட்டுனீங்க?"

"பின்னே சாமி மொகத்தையா திருப்பி ஒட்டச் சொல்ற? எழுத்து எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன?"

நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒட்டியிருப்பேன்.

மெதுவாகத்தான் இழுத்தோம். முருகன் தோலாக உரிந்து கையோடு வந்தார். எழுத்துப் பக்கம் சுவரோடு நின்றுவிட்டது, இடவலம் மாறி, மங்கலாக. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். மாமா பேர், தோட்டத்துப் பேர், பிறந்து வளர்ந்தவர் என்பது, எல்லாம் இருந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் வந்து பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தார். "நான் எழுதித் தாறன். ஆனா அவை பேப்பரைத்தான் கேப்பினம். சுவரைக் கொண்டுபோய்க் காட்டேலாதே" என்றார்.

அதுதான் நடந்தது. விசாரணையில் பேப்பர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "செவுத்துல இருக்குங்க ஐயா" என்றாராம் இவர். வரிசையில் நின்ற நம் ஆட்களே சிரித்துவிட்டார்களாம். அத்தாட்சி போதாது என்று பதில் வந்தது. யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்க்க வேண்டும் என்று இவர் வாத்தியாரைக்கொண்டு மறுபடி மனு எழுதிப் போட்டார். அதற்குப் பதிலே இல்லை. இரண்டு மழைக்காலம் போனது. பசை விட்ட ஓரங்கள் சுருளச் சுருள, சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒட்டி வைத்தேன்.

பிறகு காம்பராவுக்குள்ளும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லித் தோட்டத்தில் உத்தரவு. வாளியோடு ஆள் வந்தார். நான் சுவரை மறைத்து நின்றேன்.

"இந்த எடத்துல மட்டும் அடிக்காதீங்கண்ணே."

"தொர கேட்டா என்னம்மா சொல்றது?"

"சாமி இருக்குன்னு சொல்லுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு படமும் இல்லை. சுண்ணாம்பு மட்டையை வாளியில் நனைத்துப் பக்கத்துச் சுவருக்குப் போனார்.