பெயின்ட்டுக்குத் தப்பிய பொட்டு

போன வாரம் ஆயுத பூஜைக்கு வரச்சொல்லி ஒரு தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு. அழைப்பு என்றால் சும்மா கார்டு போட்டது இல்லை. மேனேஜரே ஜீப்பில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"உங்க பத்திரிகைல பூஜையைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுங்க சார். முதலாளி, தொழிலாளி எல்லாம் ஒரே குடும்பமா எப்படி சாமி கும்பிடறோம்னு..."

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. மளிகைக் கடைக்காரர் சிரித்துப் பேசினால் தராசைப் பார்க்கிற ரகம் நான். இந்த வருஷம் மே மாதத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூரில் எல்லோருமே என் ரகம்தான் என்பது வேறு விஷயம். டீக்கடையில் புது முகம் உட்கார்ந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் "பூந்தமல்லி பக்கம்" என்கிறோம். பொய்யா? இல்லை. பூந்தமல்லி பக்கம்தான். ஊர் பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம்... அதற்கடுத்து வரும் கேள்விகளுக்குப் பயந்து.

ஜீப்பில் மண்ணூர் போகிற வழியெல்லாம் மேனேஜர் பேசிக்கொண்டே வந்தார். மழை, ரோடு, கரண்ட் கட், அவர் பையனுக்கு இன்ஜினியரிங் சீட். ஒரு விரலைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

அந்த விரல் தேசிங்குவுடையது.

தேசிங்கு யார்? எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற பென்னலூர் பச்சையம்மாவின் கணவர். இதே தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து 'டொம்' என்று இறங்கி, லாரிக்கான சின்னச் சின்ன பாகங்களாக வெட்டித் தள்ளுகிற மெஷின் அது. தகடா, கையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் கை உள்ளே போகாமல் முன்னால் கம்பித் தடுப்பு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆடி மாதம் தேசிங்குவின் வலது கை நடுவிரல் அந்த மெஷினோடு போய்விட்டது.

கம்பெனி என்ன சொல்கிறது? தடுப்பு எப்போதும் இருந்ததாம். சீக்கிரம் வேலையை முடிக்க தேசிங்குவே அதைக் கழற்றி வைத்துவிட்டாராம். சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்திருக்கிறார்கள். அவர்தான் கழற்றினார் என்று முடிவானால் வேலையும் போகும், விரலுக்கு நஷ்ட ஈடும் கிடையாது.

"தடுப்பே கெடையாது சார் அந்த மிஷினுக்கு. வாங்கின நாள்லேர்ந்து கெடையாது" என்று ஒருநாள் பால் ஊற்றும்போது பச்சையம்மா சொன்னாள். "ஆனா சாட்சிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல. இன்னா பண்றது, அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

உள்ளே போனால் கண்ணைப் பறிக்கிறது. வாழை மரம், மாவிலைத் தோரணம், பொரி கடலை, பூசணிக்காய். வரிசையாக நிற்கிற மெஷின்கள் எல்லாம் புதுப் பச்சை பெயின்ட்டில் பளபள. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பூ. ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மட்டும் ஆளுயர மாலை! கல்யாண மாப்பிள்ளைகூட அந்த மாலையைத் தாங்க மாட்டார்.

"இதுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு விசேஷம்?"

"திருஷ்டி சார். கொஞ்சம் ராசியில்லாத மெஷின்."

ராசியில்லாத மெஷின். எவ்வளவு சௌகரியமான வார்த்தை பாருங்கள். மாலையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். பின்னால் தடுப்பு இருந்தது. அதே பச்சை பெயின்ட்.

"மத்த மெஷினுக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் எப்பவும் இருக்கு சார்" என்றார் மேனேஜர், நான் கேட்காமலே. அடுத்த வாரம் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற தகவலும் அதே மூச்சில் வந்தது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் உறுத்தியது. நாலாம் நம்பர் பிரஸ்ஸின் உடம்பில், பச்சை பெயின்ட்டுக்கு நடுவே ஒரு ரூபாய் அகலத்துக்கு பெயின்ட் படாத வட்டம். அதற்குள் எண்ணெயில் ஊறிக் கறுத்த பழைய குங்குமம். அதன் தடுப்பிலும் அதே மாதிரி ஒரு வட்டம். மூன்றாம் நம்பரிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே.

பெயின்ட் அடித்த தொழிலாளி ஏகாம்பரம் பக்கத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். "இதை ஏங்க விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமிப் பொட்டு சார். போன வருஷ பூஜைல வச்சது. அது மேல பெயின்ட் அடிக்கலாமா? சுத்தி அட்சிக்கினு வந்துட்டேன்."

ஐந்தாம் நம்பருக்குத் திரும்பி வந்தேன். உடம்பில் பழைய பொட்டு இருந்தது. தடுப்பில்? மேலிருந்து கீழ்வரை, உள்ளும் புறமும் தேடினேன். வழவழவென்று பச்சை. ஒரு வட்டம்கூட இல்லை.

எப்போதும் இருந்த தடுப்பு என்றால் போன வருஷ பூஜைக்கு எங்கே போயிருந்தது? லீவு போட்டிருந்ததா?

மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அவர் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் தேசிங்கு வந்தார். சஸ்பெண்ட் ஆனவரை மற்ற நாளில் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். பூஜை அன்றைக்கு யாரையும் தடுக்கிற வழக்கம் இல்லை. அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் பட்டை போட்டுப் பொட்டு வைக்க வேண்டும் என்பதும் அங்கே வழக்கம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேராக ஐந்தாம் நம்பருக்குப் போனார். குழைத்த விபூதியைத் தொட்டு மெஷின் உடம்பில் இழுத்தார்.

இரண்டு கோடுதான் விழுந்தது. நடுவில் இடம் காலி.

பொரி மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றுவிட்டன. சூப்பர்வைசர் அவசரமாக வந்து தன் விரலால் நடுக்கோட்டை இழுத்துவிட்டார்.

"சாமி காரியம். குறையா இருக்கக் கூடாது" என்றார். பிறகு சந்தனக் கிண்ணத்தை தேசிங்குவிடம் நீட்டினார். "தடுப்புக்கும் உன் கையால ஒரு பொட்டு வச்சிடுப்பா. சார்கூடப் பார்க்கிறார் இல்ல."

எவ்வளவு அழகான ஏற்பாடு! அந்தப் பொட்டை வைத்துவிட்டால் தடுப்பும் தேசிங்குவின் மெஷினைச் சேர்ந்ததாகிவிடும். ஊரே சாட்சி. ஜீப்பில் அழைத்து வரப்பட்ட நானும் சாட்சி. எனக்கு ஸ்வீட் பாக்ஸ் எதற்கு வந்தது என்று அப்போது புரிந்தது.

தேசிங்கு கிண்ணத்தை வாங்கவில்லை.

"அது என்னுது இல்ல சார். நான் ஓட்டினப்ப அது கெடையாது. இருந்திருந்தா மூணு கோடு போட்டிருப்பேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்து, "ஏகாம்பரம், நீ வையி" என்றார். ஏகாம்பரம் சந்தனம் குழைப்பதை நிறுத்தவில்லை, தலையும் நிமிரவில்லை. "புது சாமானுக்கு மொதல்ல எலுமிச்சம்பழம் சுத்தணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

புது சாமான். வாயைத் திறக்காதவர்கள் என்று பச்சையம்மா சொன்னாளே, அவர்களில் ஒருவர் திறந்துவிட்டார். பயந்துகொண்டே, தலையைக் குனிந்துகொண்டே... ஆனால் திறந்துவிட்டார்.

எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறவனைப் பிடிப்பதுதான் கஷ்டம். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், பந்தியில் சண்டை போட்ட சித்தப்பா எந்தப் படத்திலாவது இருக்கிறாரா? ஊர் வரலாறு, பள்ளிக்கூடப் பாடம், கோர்ட்டு வாக்குமூலம் எல்லாமே ஒருவகையில் அந்த ஆல்பம்தான். வேண்டாததை வெட்ட வேண்டியதில்லை, மேலே ஒரு பெரிய மாலையாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதும்.

திரும்பும்போது ஜீப்பை வேண்டாம் என்றேன். ஸ்வீட் பாக்ஸைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு தேசிங்குவோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். "இதைப் பத்தி எழுதலாமா? வேணும்னா பேரை மாத்திடறேன்" என்றேன்.

"மாத்தாத சார். வெரல் போச்சு. பேராவது இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துப் பார்த்தார், வக்கீலைக் கேட்டார், பேனாவை எடுத்து ஒரே ஒரு இடத்தில் அடித்தார்.

மேனேஜர் சார், நீங்கள் கேட்ட மாதிரியே பூஜையைப் பற்றி எழுதிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை — உங்கள் கம்பெனியின் பெயரைத் தவிர.